தோவாளைப் பூக்காரர் சொன்ன வார்த்தை

என் வயதை ஒத்த ஐயாமாரே, அம்மைமாரே,

வணக்கம். நான் பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவள். கடைச் சாமான் பொதிந்து வந்த காகிதங்களிலிருந்தும், பின்னாளில் என் பிள்ளைகளின் பாடப் புத்தகங்களிலிருந்தும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்து வாசிக்கப் பழகினேன். ஆகையால் இதில் சொற்பிழை காணப்படுமாயின் பொறுத்துக்கொள்ள வேண்டும். செய்தியில் பிழை இல்லை. அதற்கு நானே பொறுப்பு.

நாமெல்லாம் திருவிதாங்கூர் சர்க்காரின் குடிகளாக இருந்த காலம் அது. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூறு கழிந்து ஐந்தாறு வருஷங்கள் ஆகியிருக்கலாம்; இங்கிலீஷ் கணக்கில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது வாக்கில். எனக்கு எட்டு அல்லது ஒன்பது வயது. எங்கள் வீடு இரணியலுக்குப் பக்கத்தில். என் தம்பியைப் பெற்ற பின் அம்மை எழுந்து நடமாட முடியாமல் கிடந்தபடியால், ஆவணி மாதத்தில் என்னை அப்பாவின் தமக்கையிடம் கொண்டுபோய் விட்டார்கள். அத்தை தோவாளையைத் தாண்டி, ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் போகிற பாதையோரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்திவந்தார். மாமா இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கடை நின்ற இடம் சற்று மேடு. கீழே ஒரு பெரிய குளம். குளத்துக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல்.

உங்களில் பலருக்கும் அப்படி ஒரு கடை நினைவில் இருக்கும். ஓலைக் கூரை, சாணம் மெழுகிய தரை, எதிரெதிராக இரண்டு பலகை பெஞ்சு. விடியும்போது புட்டுக் குழலிலிருந்து ஆவி பறக்கும். அடுத்த அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்து, அதன் மேல் அத்தை கொட்டும் கருவாட்டுக் குழம்பின் மணம் பாதை வரையில் போய் வண்டி மாடுகளையே நிறுத்திவிடும் என்று வண்டிக்காரர்கள் சொல்வார்கள். கருப்பட்டிக் காப்பியில் சுக்கு சற்றுத் தூக்கலாக இருக்கும். தேங்காய்த் துவையலில் அத்தை சுட்ட மிளகாயைத்தான் வைப்பார். அந்தக் கரிந்த வாசனை இத்தனை வருஷத்துக்குப் பின்னும் சில காலைகளில் காரணமின்றி என் மூக்கில் ஏறுவதுண்டு. பெஞ்சில் உட்கார முடியாத சிலர் பாதையில் நின்று சிரட்டையில் காப்பி வாங்கிக் குடித்ததும் அதே கடையில்தான். அது தப்பென்று அன்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மேற்கேயிருந்து தேங்காயும் கருவாடும் ஏற்றி வரும் வண்டிகளும், கிழக்கேயிருந்து பருத்தியும் வற்றல் மிளகாயும் கொண்டு வரும் வண்டிகளும் அங்கே நிற்கும். ஆகையால் அந்தப் பெஞ்சுகளில் இரண்டு விதமான தமிழ் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். இனி நான் சொல்லப்போவது அந்த இரண்டு தமிழுக்கும் நடுவே நடந்துபோன காரியம்.

மேற்கே எங்கள் வீடுகளில் குடிக்கிற தண்ணீருக்கு வெள்ளம் என்றே பெயர். மலையாளத்திலும் அப்படியே. தோவாளைப் பக்கத்தில் தண்ணீர் தண்ணீர்தான். வெள்ளம் என்றால் கரை உடைத்துக்கொண்டு வருவது. எனக்கு அது தெரியாது. போய்ச் சேர்ந்த முதல் நாள் காலையில், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, "அத்தே, குடிக்க வெள்ளம் தா" என்று கேட்டுவிட்டேன்.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த ஒருவர் துள்ளி எழுந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு பெஞ்சின் மேலேயே ஏறி நின்றுவிட்டார்.

"எலே, வெள்ளமாம்டே! காலத் தூக்குங்க, காலத் தூக்குங்க!"

எதிரே இருந்த வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். ஒருவர் இலையோடு எழுந்து நின்றார்.

"ஏட்டி, எங்கேருந்து வருது வெள்ளம்? மேக்கயா, கெழக்கயா?" என்று பெஞ்சின் மேல் நின்றவர் என்னைக் கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தண்ணீர் இருந்த இடத்தைக் காட்டி, "செம்பில" என்றேன்.

அதன்பின் அங்கே எழுந்த சிரிப்பை எழுதிக் காட்ட என்னால் இயலாது. "செம்புல வெள்ளம் வந்த ஊரு இது ஒண்ணுதாண்டே!" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழுதேன். அவர் இறங்கி வந்து, தம்முடைய கூடையிலிருந்து ஒரு பிடி பிச்சிப்பூவை வாழையிலைத் துண்டில் மடித்து என் கையில் வைத்தார். "அழாத, கேட்டியா? இனி நானும் உன் பாஷைலதான் தண்ணி கேப்பேன்" என்றார்.

அவர்தான் பூக்காரர். தோவாளையில் பூத்தோட்டம் வைத்திருந்தார். விடியுமுன் பறித்த பிச்சியையும் அரளியையும் கோழிக்கொண்டையையும் தலைச்சுமையாகக் கொண்டுவந்து, மேற்கே போகிற வண்டிகளில் ஏற்றிவிட்டு, அத்தை கடையில் புட்டுத் தின்று திரும்புவார். ஒல்லியான மனிதர். முன்பல் ஒன்று இல்லாதபடியால் சிரிக்கும்போது சிறு பிள்ளை போல இருப்பார்.

சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார். மறுநாள் முதல் பாதையில் வரும்போதே, "வெள்ளம்! வெள்ளம்!" என்று பயந்தவர் போலக் கூவுவார். வண்டிக்காரர்கள் காலைத் தூக்குவார்கள். நான் செம்பை எடுத்துக்கொண்டு ஓடுவேன். அவர் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "நல்லவேளை, ஊரு பெழச்சுது" என்று செம்பைக் கவிழ்த்துக் காட்டுவார். அந்த விளையாட்டு ஒருநாளும் தப்பாமல் நடந்தது. காலையில் அந்தக் கூவல் கேட்கும் வரையில் எனக்கு வேறு எதிலும் மனம் செல்லாது. அம்மையை விட்டுப் பிரிந்திருந்த துக்கமும் அந்தச் செம்போடு கவிழ்ந்துபோயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

அந்த மனிதர் எத்தகையவர் என்பதற்கு இன்னொரு சம்பவத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும்; இல்லாவிட்டால் பின்னால் ஊர் அவரைப் பற்றிப் பேசியதை நீங்கள் நம்பிவிடக் கூடும்.

புரட்டாசியில் ஒரு நாள். கணவாய்ப் பக்கமிருந்து ஒரு மோட்டார் பஸ், புகையும் சத்தமுமாக இறங்கி வந்தது. அவிழ்த்துக் கட்டியிருந்த ஒரு செவலைக் காளை அதைக் கண்டு மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு நேரே கடைக்குள் பாய்ந்தது. நான் தரையில் உட்கார்ந்து மரச்சீனிக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தேன். பெஞ்சு கவிழ்ந்ததும், அத்தை கூப்பாடு போட்டதும் காதில் விழுந்தன. எழுவதற்கு நேரமில்லை. காளையின் மூச்சு முகத்தில் சுட்டது. அப்போது என் தலைக்கு மேலே வெள்ளையும் சிவப்புமாக ஏதோ பறந்தது. பூக்காரர் தம்முடைய கூடையை அப்படியே காளையின் முகத்தில் எறிந்திருந்தார். கொம்பில் கூடை மாட்டிக்கொண்டது. கண்ணை மறைத்துப் பூச்சரங்கள் தொங்கின. காளை திகைத்துப்போய் நின்றுவிட்டது.

"மாப்பிளைக்கு மாலை போட்டாச்சு. இனி அடங்கிருவான்" என்று பூக்காரர் அதன் மூக்கணாங்கயிற்றைப் பிடித்தார்.

அத்தை என்னை வாரி எடுத்துக்கொண்டு, "இன்னைக்குள்ள பூவு முழுசும் போச்சே ஐயா" என்றார்.

"போட்டும். நாளைக்கும் பூக்கும்லா? இந்தப் பிள்ளைய நாளைக்குப் பறிக்க முடியுமா?"

காளை அதற்குள் தன் மாலையைத் தின்னத் தொடங்கியிருந்தது.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்தக் குளத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அடைமழைக் காலத்தில் பாசனக்காரர் வீட்டுக்கு ஓர் ஆள் என்று முறை வைத்துக் கரையைக் காவல் காப்பார்கள். கரை கசிந்தால் வைக்கோலும் மண்ணும் வைத்து உடனே அடைக்க வேண்டும். அது ஓர் ஆளால் ஆகிற வேலை இல்லை. ஆகவே கசிவு கண்ட காவல்காரர் மிக அருகே ஆள் இருக்கிற இடத்துக்கு ஓடிப்போய், "வெள்ளம்" என்று மூன்று தரம் கூவ வேண்டும். அதைக் கேட்டவர்கள் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு வர வேண்டும். இதுவே முறை. இதை நான் பிற்பாடு தெரிந்துகொண்டேன். மேற்கேயிருந்து வந்து கடை போட்ட அத்தைக்குத் தெரிந்திருந்ததா என்பதை நான் அறியேன். குளத்துக்கு மிக அருகே ஆள் இருந்த இடம் எங்கள் கடைதான்.

பூக்காரர் வீட்டு முறை வந்தது. மூன்று நாளாக அவர் கடைக்கு வரவில்லை. மேட்டிலிருந்து பார்த்தால் கரை மேல் ஓர் ஓலைக் குடை தெரியும். நான் கையை ஆட்டுவேன். குடை இரண்டு தரம் எழும்பித் தாழும்.

நாலாம் நாள் காலையில் மழை சற்று வெறித்திருந்தது. பாதை சேறாகி வண்டிகள் நகர முடியாமல், எட்டு வண்டிக்காரர்கள் பெஞ்சுகளில் நெருங்கி உட்கார்ந்து புட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். கூரையிலிருந்து சொட்டும் நீரின் ஓசையும், ஈர விறகின் புகையும், சிரிப்புமாகக் கடை நிறைந்திருந்தது. அப்போது கீழேயிருந்து அந்தக் கூவல் கேட்டது.

"வெள்ளம்! வெள்ளம்!"

எட்டுப் பேரும் காலைத் தூக்கினார்கள்.

"மூணு நாளா ஆளக் காணல்லியேன்னு நெனச்சோம். வந்துட்டாருய்யா நம்ம ஆளு!"

"பூக்காரரே, இன்னைக்கு எந்தச் செம்புல வருது?"

அத்தை அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமலே, "ஏட்டி, அவருக்கு வெள்ளம் கொடு. பாவம், நனஞ்சு வாறாரு" என்றார். அவர் சொல்லுமுன்பே நான் செம்போடு ஓடிவிட்டேன். மூன்று நாள் விளையாட்டையும் சேர்த்து அன்றைக்கே விளையாடிவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

அவர் இடுப்பு வரையில் சேறாக நின்றார். தலைத்துண்டு இல்லை. மேட்டில் ஓடி வந்தபடியால் விலா எலும்புகள் ஏறி இறங்கின. நான் செம்பை நீட்டினேன். அவர் அதைப் புறங்கையால் தட்டிவிட்டார். செம்பு உருண்டது.

"வெள்ளம்..." என்றார் மூன்றாம் முறையாக. அதற்கு மேல் அவருக்கு மூச்சு இல்லை.

"இது என்ன களியும் விளையாட்டும்? பாத்திரத்தத் தட்டுகதா? பிள்ள ஆசையாக் கொண்டு வந்தா..." என்று அத்தை முகம் சிவந்து எழுந்தார். வண்டிக்காரர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். குளம் என்றோ, கரை என்றோ ஒரு சொல். நானும் பல ஆண்டுகள் அவரிடம் மனத்துக்குள் அப்படிக் கேட்டிருக்கிறேன். முறைப்படி மூன்று தரம் கூவிய ஒரு மனிதர், எட்டு ஆண்பிள்ளைகள் காலைத் தூக்கிக்கொண்டு சிரிப்பதைப் பார்க்கிறார். அந்தச் சிரிப்பைச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அந்த நொடியில் அது அவருக்கு விளங்கியிருக்கும். அவர் முகத்தில் நான் கண்டது கோபம் இல்லை. வீட்டுக் கதவு உள்ளேயிருந்து தாழிடப்பட்டதைக் கண்டவனின் முகம் அது.

தூணில் சாய்த்திருந்த மண்வெட்டியை எடுத்தார். வண்டியிலிருந்து ஒரு கட்டு வைக்கோலை இழுத்துத் தலையில் வைத்துக்கொண்டு கீழே ஓடினார்.

"வேய், எங்க மாடு என்னத்தத் திங்கும்?" என்று ஒருவர் கூவினார். அதற்கும் ஒரு சிரிப்பு. வயதான வண்டிக்காரர் ஒருவர் மட்டும், "வைக்கோல் எதுக்குடே கொண்டு போறாரு? என்னமோ சரியில்ல" என்று எழுந்தார். அவர் இலையை மடித்தார். கை கழுவினார். அந்தக் கை கழுவின நேரத்தை நான் என் வாழ்நாளில் எத்தனையோ தடவை அளந்து பார்த்துவிட்டேன்.

நான் செம்பை எடுத்துத் திரும்ப நிறைத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். அவர் குடிக்காமல் போனது எனக்குத் தாங்கவில்லை. பாதி இறக்கத்தில் நின்று பார்த்தேன். கரையின் அடிப்பக்கம் செம்மண் நிறத்தில் ஒரு நாக்குப் போலத் தண்ணீர் வெளியே நீண்டிருந்தது. தென்னங்குற்றி நுழையும் அளவு துவாரம். அவர் வைக்கோலை அதில் திணித்துக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தியபோது என்னைக் கண்டார். இரண்டு கையையும் உயர்த்தி, போ போ என்று வீசினார்.

தண்ணீர் வேண்டாம் என்கிறார் என்றே நான் எண்ணினேன். செம்பை உயர்த்திக் காட்டினேன்.

"வெள்ளம், மக்கா!" என்று அவர் அலறினார். "மேல ஏறு மக்கா!"

அதுவரை அவர் என்னை ஏட்டி என்றுதான் கூப்பிட்டிருந்தார். ஒருநாளும் மக்கா என்றதில்லை. அந்த நிமிஷத்தில்தான் வெள்ளம் என்ற சொல் முதன்முதலாக அவருடைய பொருளில் என் காதில் விழுந்தது. செம்பைப் போட்டுவிட்டு ஏறினேன். முதுகுக்குப் பின்னால் கேட்ட ஓசை பேரிரைச்சல் இல்லை. நனைந்த துணியை யாரோ நிதானமாக, நீளமாகக் கிழிப்பதுபோல இருந்தது. திரும்பிப் பார்த்தபோது நான் நின்ற இடத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கரையும் இல்லை, அவரும் இல்லை. எதிரே கை ஈரம் காயாமல் அந்த வயதான வண்டிக்காரர் ஓடி வந்துகொண்டிருந்தார்.

கதிர் வாங்கி நின்ற வயல் அவ்வளவும் மணல் மூடிப்போயிற்று. இரண்டாம் நாள் ஒரு தாழம்புதரில் அவரைக் கண்டெடுத்தார்கள். செம்பு கிடைக்கவில்லை.

நஷ்டப்பட்ட ஊருக்கு யார்மேலாவது பழி போட்டாக வேண்டியிருந்தது. காவல்காரன் கரையை விட்டுக் கடைக்குப் போனான், தண்ணீர் கேட்டுக் குடிக்கப் போன நேரத்தில் கரை போயிற்று என்று பேச்சு எழும்பியது. எங்கிருந்து எழும்பியது என்பதை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. வண்டிக்காரர்கள் மறுநாளே போய்விட்டார்கள். கடையில் மிஞ்சியவர்கள் அத்தையும் நானும். அன்று மாலை அத்தை என்னை அடுப்படியில் உட்கார வைத்து, தலையைத் துவட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"மக்கா, நாம வந்தேறிகளாக்கும். அவரு கூவினாரு, இவிய சிரிச்சாவன்னு ஊரு கேட்டா, நாளைக்கு இந்தக் கூரை இருக்காது. வெள்ளம் கேட்டாரு, கொடுத்தோம். அவ்வளவுதான். மனசிலாச்சா?"

அத்தை கெட்டவர் இல்லை. அதைச் சொன்னபோதும் அவர் கை என் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தது. எனக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய அதே கை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பார்வத்தியக்காரர் விசாரணைக்கு வந்தார். வரி பிரிக்கவும் ஊர்க் காரியம் விசாரிக்கவும் சர்க்கார் வைத்திருந்த உத்தியோகஸ்தர் அவர். கூட ஒரு குமஸ்தா. எழுத்தெல்லாம் மலையாளத்தில். பூக்காரரின் மனைவி பாதையில் நின்றார். அவர் என்னருகே குனிந்து, "எம்மோ, கடைசில அவரு உங்கிட்டதான பேசினாரு? என்ன சொன்னாரு?" என்று கேட்டார்.

"வெள்ளம்" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். அழுத முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவர் கிழக்கத்திக்காரர். அவருக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். "இந்தப் பிள்ளையக் கேளுங்க ஐயா! இந்தப் பிள்ள சொல்லட்டும்!" என்று உரக்கச் சொன்னார்.

அத்தை ஏற்கெனவே தம் வாக்குமூலத்தைக் கொடுத்திருந்தார். குமஸ்தா என்னைப் பார்த்து, "அயாள் எந்தா பறஞ்ஞது, குட்டி?" என்று, அவர் என்ன சொன்னார் என்பதை மலையாளத்தில் கேட்டார்.

அத்தை என் பின்னால் நின்றார். அவர் கை என் தோளில் இருந்தது. அந்தக் கை என் தோளை அழுத்தியதா, வெறுமனே கிடந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நான் ஐந்நூறு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையை வீசினார், மக்கா என்றார், வைக்கோலை மிதித்தார் என்றெல்லாம் சொல்லியிருக்கலாம். நான் ஒரு வார்த்தைக்குள் ஒளிந்துகொண்டேன். அது உண்மையாகவும் இருந்தது, அத்தைக்கு அடங்கியதாகவும் இருந்தது.

"வெள்ளம்னு பறஞ்சாரு" என்றேன்.

குமஸ்தா தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். பூக்காரரின் மனைவி கண்ணை மூடிக் கைகூப்பினார். தம் புருஷனின் பேர் தப்பியது என்று அவர் நம்பினார். ஒரே சொல்லைக் கேட்டு இரண்டு பேரும் திருப்தியடைந்தார்கள்.

அதன்பின் அந்தக் கடையில் எவரும் வெள்ளம் என்று சொல்லவில்லை. அத்தை, தண்ணி என்று கிழக்கத்திக்காரர்போலச் சொல்லப் பழகிக்கொண்டார். காலையில் புட்டு ஆவி பறக்கும் வேளையில் நான் பாதையைப் பார்ப்பேன். வண்டிக்காரர்களில் யாருக்காவது கால் தானாகவே சற்று எழும்பும். பிறகு சத்தமில்லாமல் தரையில் இறங்கும். மார்கழியில் இன்னொரு வழக்கம் தொடங்கியது. அடைத்துக் கட்டிய புதுக் கரையைத் தாண்டும்போது யாரோ, "வெள்ளம், வெள்ளம்" என்று கேட்கிற குரல் காதில் விழுகிறதாம். தாகத்தோடு செத்தவர் தண்ணீர் கேட்கிறார் என்று சொல்லி, வண்டிக்காரர்கள் அந்த இடத்தில் ஒரு கை தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகலானார்கள். பகலிலும் ஊற்றினார்கள். மேட்டில் நின்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவருக்கு அவர்கள் தண்ணீர் கொடுக்கக் கொடுக்க, அவர் தண்ணீர் கேட்டார் என்பது உறுதியாகிக்கொண்டே வந்தது.

அந்தக் குரலை நானும் கேட்டேனா என்று நீங்கள் கேட்கக் கூடும். கேட்டேன். ஆனால் என் காதுக்கு அது மேலே ஏறச் சொன்ன குரல்.

தையில் அப்பா வந்து என்னை அழைத்துப் போனார். பின் கலியாணம், பிள்ளைகள். வாசிக்கப் பழகியதை முன்னமே சொன்னேன். மூத்தவனின் புத்தகத்திலிருந்து மலையாள எழுத்தையும் பழகினேன். நம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகு, என் மகளின் கலியாணத்துக்குப் பூ வாங்கத் தோவாளைக்குப் போனேன். சரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு கிழவி என் பேச்சைக் கேட்டு நிமிர்ந்தார்.

"எந்த ஊரு?"

"இரணியல்."

"அந்தக் கடைக்கார அம்மாக்க மருமவளா நீ?"

முகத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன்; பூக்காரரின் மனைவி. அவர் எழுந்து உள்ளே போய், மரப்பெட்டியின் அடியிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளைக் கொண்டுவந்தார். விசாரணையின் நகல்.

"நாலு பேருகிட்ட வாசிக்கக் கொடுத்தாச்சு. நாலு பேரும் ஒண்ணுதான் சொல்லுகாவ. தண்ணி கேட்டாருன்னு நீ சொன்னியாம். அப்படியா சொன்ன?"

நான் வாசித்தேன். என் பெயருக்குக் கீழே, 'வெள்ளம் சோதிச்சு' என்று இருந்தது. சோதிச்சு என்றால் அந்த மொழியில் கேட்டார் என்று பொருள். நான் சொன்ன ஒரு சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் இன்னொரு சொல்லை வைத்திருந்தார் குமஸ்தா. அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர் ஊரில் வெள்ளத்துக்கு அதுதான் பொருள். எங்கள் ஊரிலும் அதுதான்.

"நான் அப்படிச் சொல்லல்ல. வெள்ளம்னு சொன்னாருன்னு சொன்னேன்" என்றேன். பிறகு, முப்பது வருஷத்துக்குப் பின், மீதியையும் சொன்னேன். காலைத் தூக்கியது, செம்பு, வைக்கோல், கை வீசியது எல்லாம். அவர் நடுவில் சரம் கட்டுவதை நிறுத்தவில்லை. கடைசியில் நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"எனக்குத் தெரியும். அவரு முறைய விட்டுட்டுத் தண்ணி குடிக்கப் போற ஆளில்ல" என்றார். "அவன் எழுதினான்லா? உனக்கும் இப்ப எழுத்துத் தெரியும்லா? நீயும் எழுது மக்கா."

அந்த வீட்டில் என்னை மக்கா என்று அழைத்த இரண்டாவது ஆள் அவர்.

எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். எழுதவில்லை. அத்தை அப்போது உயிரோடு இருந்தார். கடையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்திருந்தார். எங்களோடு இருந்த பதினோரு வருஷத்தில் அவர் யாரிடமும் குடிக்கக் கேட்டதை நான் கண்டதில்லை. தாகம் எடுத்தால் தாமே எழுந்து போய் மொண்டு குடிப்பார். எழ முடியாத கடைசி நாட்களில் வாயைத் திறந்து பானையைப் பார்ப்பார், கேட்கமாட்டார். நான் கொண்டுபோய் ஊற்றுவேன். அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசவில்லை. அப்படிப்பட்டவரை எழுத்தில் வைக்க எனக்குக் கை வரவில்லை. பிறகு அவரும் போனார். தோவாளையில் விசாரித்தேன், அந்தக் கிழவி அவருக்கு முன்பே போய்விட்டிருந்தார். இவ்வாறு என் தயவு அத்தைக்குப் போய்ச் சேர்ந்தது; அந்தக் கிழவிக்கு நான் பட்ட கடமை போய்ச் சேரவில்லை.

இப்போது அந்தக் காலையைக் கண்டவர்களில் நான் ஒருத்தியே மிச்சம். ஆகையால் எழுதி வைக்கிறேன். காவல் முறையில் இருந்த பூக்காரர், கரை கசிந்ததைக் கண்டு, வழக்கப்படி கடைக்கு ஓடி வந்து, வெள்ளம் என்று மூன்று தரம் கூவினார். நாங்கள் சிரித்தோம். அவர் தனியாகத் திரும்பிப் போனார். நாலாம் தரம் கூவியது எனக்காக. அவர் தண்ணீர் கேட்கவில்லை.

அந்தக் கரையில் இன்னும் யாராவது தண்ணீர் ஊற்றுவதைக் கண்டால் தடுக்க வேண்டாம். அவருக்குத் தாகம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.

சர்க்கார் தாள் எங்கேயாவது ஒரு கட்டில் பத்திரமாக இருக்கும். இதையும் யாராவது பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.